மலர்களிடம் பாடம் கேட்ட டார்வின்

சார்லஸ் டார்வின் என்ற பெயரைக் கேட்டதும் பலருக்குக் குரங்குதான் நினைவுக்கு வரும். மனிதனுக்கும் குரங்குக்கும் மூதாதை ஒன்றே என்று சொன்னவர் அல்லவா அவர்!

ஆனால் டார்வின் குரங்குகளுடன் பழகிய நேரம் மிகக் கொஞ்சம். பூக்களுடன் பழகிய நேரமோ ஏராளம். செடி கொடிகளைப் பற்றி மட்டும் அவர் 6 புத்தகங்கள் எழுதினார்.

ஒரு பூ தன் மகரந்தத்தாலேயே காய்க்கிறதா? அல்லது அடுத்த செடியின் மகரந்தத்தை எதிர்பார்க்கிறதா? பார்வைக்கு இது சின்னக் கேள்வி. ஆனால் ஓர் இனம் பல இனங்களாகப் பெருகுவதும், பூண்டோடு அழிவதும் இந்தச் சின்ன விஷயத்தைப் பொறுத்தே பெரும்பாலும் அமைகின்றன என்று டார்வின் சந்தேகித்தார்.

அந்தக் கேள்வி தோட்டத்தோடு நிற்கவில்லை. அவருடைய வீட்டுக்குள்ளும் நுழைந்தது. அவருடைய பிள்ளைகளின் தொட்டிலருகேயும் வந்து நின்றது.

டாக்டர் வீட்டுப் பிள்ளை

இங்கிலாந்தில் ஷ்ரூஸ்பரி என்ற ஊரில் 1809-ம் ஆண்டு பிப்ரவரி 12-ந் தேதி டார்வின் பிறந்தார். தகப்பனார் ராபர்ட் டார்வின் பெயர் பெற்ற டாக்டர். தாயார் சூசன்னா, புகழ் பெற்ற வெட்ஜ்வுட் பீங்கான் தொழிலதிபரின் மகள். டார்வினுக்கு 8 வயதாகும்போது தாயார் காலமானார்.

மகனும் டாக்டராக வேண்டும் என்பது தகப்பனாரின் ஆசை. 16 வயதில் டார்வினை எடின்பரோ நகருக்கு வைத்தியம் படிக்க அனுப்பினார். அந்தக் காலத்தில் மயக்க மருந்து கிடையாது. ஒரு குழந்தைக்குச் செய்த ஆபரேஷனைப் பார்த்துவிட்டு டார்வின் அறையை விட்டே ஓடினார். வைத்தியப் படிப்பு அதோடு சரி.

அடுத்து, பாதிரியார் ஆகட்டும் என்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பப்பட்டார். அங்கே வண்டு பிடிப்பதிலேயே பொழுது போயிற்று. ஹென்ஸ்லோ என்ற தாவரவியல் பேராசிரியரின் நட்பு கிடைத்தது. செடி கொடிகளைக் கூர்ந்து பார்க்கும் பழக்கத்தை அவரிடம் டார்வின் கற்றார்.

தாய்மாமன் செய்த உதவி

1831-ம் ஆண்டில் 'பீகிள்' என்ற கப்பல் உலகைச் சுற்றப் புறப்பட இருந்தது. அதில் இயற்கை ஆராய்ச்சியாளராகச் செல்லும் வாய்ப்பு டார்வினுக்கு வந்தது. அப்போது அவருக்கு வயது 22.

தகப்பனார் சம்மதிக்கவில்லை. 8 ஆட்சேபங்களைச் சொன்னார். டார்வின் மனம் உடைந்து தாய்மாமன் ஜோசியா வெட்ஜ்வுட்டிடம் போனார். மாமன் அந்த 8 ஆட்சேபங்களுக்கும் ஒவ்வொன்றாகப் பதில் எழுதினார். பிறகு தாமே நேரில் வந்தும் பேசினார். தகப்பனார் இணங்கினார்.

அந்த மாமன் அன்று தலையிடாமல் இருந்திருந்தால், உலகம் டார்வினை அறிந்திருக்காது!

கப்பல் பயணம் ஏறத்தாழ 5 ஆண்டுகள் நீடித்தது. தென் அமெரிக்கக் காடுகளையும், கலாபகஸ் தீவுகளையும், ஆஸ்திரேலியாவையும் டார்வின் கண்டார். தீவுக்குத் தீவு பறவைகளும் செடிகளும் சற்றே மாறியிருந்தன. ஓர் இனத்திலிருந்து இன்னோர் இனம் எப்படிப் பிறக்கிறது என்ற கேள்வி அவர் மனத்தில் வேர் விட்டது.

மாமன் மகளை மணந்தார்

ஊர் திரும்பிய டார்வின், கல்யாணம் செய்துகொள்ளலாமா வேண்டாமா என்று யோசித்தார். ஒரு தாளை எடுத்தார். ஒரு பக்கம் லாபங்கள், மறு பக்கம் நஷ்டங்கள் என்று எழுதிப் பார்த்தார். படிக்கும் நேரம் குறையும் என்பது நஷ்டக் கணக்கில் இருந்தது. ஆயுள் முழுவதும் ஒரு துணை கிடைக்கும் என்பது லாபக் கணக்கில் இருந்தது. லாபமே வென்றது!

பெண்ணைத் தேடி அவர் தொலைவுக்குப் போகவில்லை. 1839-ம் ஆண்டு ஜனவரி 29-ந் தேதி மாமன் மகள் எம்மாவை மணந்தார். எம்மா அவரைவிடச் சில மாதங்கள் மூத்தவர். அதற்கு முன்பே டார்வினின் அக்காள் கரோலின், எம்மாவின் அண்ணனை மணந்திருந்தார். இரண்டு குடும்பங்களும் பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பங்கள்.

அக்கால இங்கிலாந்தில் இது அபூர்வம் அல்ல. விக்டோரியா மகாராணியே தம் தாய்மாமன் மகனைத்தான் மணந்தார்.

1842-ம் ஆண்டில் டார்வின் தம்பதிகள் லண்டனை விட்டு, கென்ட் மாவட்டத்தில் டவுன் என்ற சிற்றூரில் குடியேறினார்கள். தோட்டமும் புல்வெளியும் சூழ்ந்த வீடு அது. டார்வின் தம் கடைசி நாள் வரை, 40 ஆண்டுகள், அங்கேயே வாழ்ந்தார்.

அடுத்தடுத்துத் துயரம்

எம்மா 10 குழந்தைகளைப் பெற்றார். அவர்களில் மூவரை எமனுக்குக் கொடுத்தார்.

டவுன் வீட்டுக்கு வந்த அதே ஆண்டில் ஒரு பெண் குழந்தை பிறந்து, சில வாரங்களிலேயே கண்ணை மூடியது.

1851-ம் ஆண்டில் மூத்த மகள் ஆனி நோயுற்றாள். 10 வயதுச் சிறுமி. தகப்பனாரின் செல்ல மகள். வைத்தியத்துக்காக அவளை மால்வெர்ன் என்ற ஊருக்கு டார்வின் கொண்டு போனார். எம்மா அப்போது நிறைமாதக் கர்ப்பிணி. உடன் போக முடியவில்லை. படுக்கை அருகே டார்வின் இரவு பகலாக இருந்தார். ஏப்ரல் 23-ந் தேதி ஆனியின் உயிர் பிரிந்தது. அந்தத் துயரம் டார்வினை ஆயுள் முழுவதும் விட்டு நீங்கவில்லை.

1858-ம் ஆண்டு ஜூன் மாதத்தில் கடைசி மகன் காய்ச்சலுக்குப் பலியானான். அவனுக்கு ஒன்றரை வயது. ஜூலை 1-ந் தேதி, டார்வினும் வாலஸும் கண்ட பரிணாமக் கொள்கை லண்டன் லின்னேயன் சங்கத்தில் முதன்முதலாகப் படிக்கப்பட்டது. டார்வின் அங்கே போகவில்லை. மகனை அடக்கம் செய்துகொண்டிருந்தார்.

மற்றப் பிள்ளைகளும் அடிக்கடி படுத்தார்கள். டார்வினுக்கும் வயிற்று நோய் ஓயாத தொல்லை. ஒரு நாளில் சில மணி நேரம்தான் வேலை செய்ய முடியும். தம் நோய் பிள்ளைகளுக்கும் இறங்கிவிட்டதோ என்று அஞ்சினார். நெருங்கிய உறவில் மணம் செய்துகொண்டதுதான் காரணமோ என்ற கவலையும் அவரை அரித்தது.

பிள்ளைகளும் ஆராய்ச்சியாளர்களே!

அந்த வீட்டில் சோகம் மட்டும் குடியிருக்கவில்லை. தோட்டமே பள்ளிக்கூடம். பிள்ளைகளே உதவியாளர்கள். பம்பிள் தேனீக்கள் எந்த வழியாகப் பறக்கின்றன என்று அறிய, டார்வின் தம் பிள்ளைகளைப் புதருக்கு ஒருவராக நிறுத்தி வைப்பார். தேனீ தங்கள் பக்கம் வந்ததும் அவர்கள் கூவிச் சொல்வார்கள். தகப்பனார் தேனீயின் பாதையைக் குறித்துக்கொள்வார்.

1859-ம் ஆண்டு நவம்பர் 24-ந் தேதி 'உயிரினங்களின் தோற்றம்' என்ற நூல் வெளிவந்தது. 1,250 பிரதிகள் அச்சிடப்பட்டன. அவற்றை முதல் நாளே கடைக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். நாடெங்கும் வாதப் பிரதிவாதம் கிளம்பியது. டார்வின் சண்டைக்குப் போகவில்லை. தோட்டத்துக்குப் போனார்!

மறக்கப்பட்ட ஆசிரியர்

பூவுக்குள் ஆண் பகுதியும் உண்டு, பெண் பகுதியும் உண்டு. ஆண் பகுதி மகரந்தத் தூளைத் தருகிறது. பெண் பகுதியின் முனை அதை ஏற்கிறது. பிறகு காயும் விதையும் உண்டாகின்றன. பெரும்பாலான பூக்களில் இரண்டும் ஒரே பூவில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. அப்படியிருக்க, வண்ணம் எதற்கு? வாசனை எதற்கு? தேன் எதற்கு?

இதற்கு விடை சொன்ன ஒருவர் முன்பே இருந்தார். அவர் ஸ்பிரெங்கல் என்ற ஜெர்மானியப் பள்ளி ஆசிரியர். பூக்கள் பூச்சிகளை அழைக்கின்றன, பூச்சிகள் மகரந்தத்தைச் சுமக்கின்றன என்று 1793-ம் ஆண்டில் ஒரு நூலில் எழுதினார். அதை மதிப்பார் இல்லை. 1816-ம் ஆண்டில் புகழின்றியே மறைந்தார். அவர் நூலைப் படித்து, அதன் பெருமையை உலகுக்கு எடுத்துச் சொன்னவர் டார்வின்.

ஆனால் ஸ்பிரெங்கல் விட்டுப்போன கேள்வி ஒன்று இருந்தது. பக்கத்திலேயே மகரந்தம் இருக்க, வேற்றுச் செடியின் மகரந்தத்தைப் பெறுவதில் செடிக்கு என்ன லாபம்? அந்த லாபத்தைத் தேடித்தான் டார்வின் புறப்பட்டார்.

பிரிம்ரோஸ் சொன்ன ரகசியம்

இங்கிலாந்தின் வயல் ஓரங்களில் பிரிம்ரோஸ் என்ற மஞ்சள் பூ மலரும். அதில் இரண்டு வகை உண்டு. ஒரு செடியின் பூவில் பெண் முனை உயரத்தில் இருக்கும். மகரந்தப் பைகள் தாழ இருக்கும். அடுத்த செடியின் பூவில் பைகள் உயரத்தில் இருக்கும். பெண் முனை தாழ இருக்கும். எல்லோரும் பார்த்ததுதான். காரணம் கேட்டவர் இல்லை.

டார்வின் கேட்டார். ஒரு வகையின் மகரந்தத்தை எடுத்து இன்னொரு வகையில் தம் கையாலேயே தடவினார். விதைகள் நிறைய உண்டாயின. அதே வகைக்குள் தடவினார். விதைகள் குறைந்தன. விதைகளை ஒவ்வொன்றாக எண்ணியே இந்த முடிவுக்கு வந்தார்.

தாழ்ந்த பையின் தூள், பூச்சியின் நாக்கில் ஓர் இடத்தில் ஒட்டுகிறது. அந்த இடம் அடுத்த பூவின் தாழ்ந்த முனையில் சரியாகப் படுகிறது. உயர்ந்த பையின் தூள் உயர்ந்த முனையில் படுகிறது. தன் இனத்தில் தன்னைப் போன்றதை விலக்கி, மாறுபட்டதைத் தேடிக் கலப்பதற்காகவே இந்த ஏற்பாடு! தாம் கண்டுபிடித்தவற்றில் இதைப்போல மகிழ்ச்சி தந்தது வேறில்லை என்று பிற்காலத்தில் டார்வின் எழுதி வைத்தார்.

சாணை மிஞ்சிய நாக்கு

1862-ம் ஆண்டில் ஆர்க்கிட் மலர்களைப் பற்றி அவர் எழுதிய நூல் வந்தது. அதே ஆண்டு ஜனவரியில் மடகாஸ்கர் தீவிலிருந்து வந்த ஓர் ஆர்க்கிட் அவர் கைக்குக் கிடைத்தது. வெள்ளை நட்சத்திரம் போன்ற பூ. அதன் பின்புறம் வால் போல ஒரு குழல் தொங்கியது. நீளம் பதினொன்றரை அங்குலம்! தேன் இருந்ததோ குழலின் அடியில் மட்டும்.

இவ்வளவு ஆழத்தில் உள்ள தேனை எந்தப் பூச்சி குடிக்கும்? அதற்கு ஏற்ற நீண்ட நாக்குடைய விட்டில் பூச்சி மடகாஸ்கரில் இருந்தே தீரவேண்டும் என்றார் டார்வின். ஒரு சாணுக்கு மேல் நாக்கா என்று சில பூச்சி நிபுணர்கள் நகைத்தார்கள்.

டார்வின் இறந்து 21 ஆண்டுகளுக்குப் பின், 1903-ம் ஆண்டில், அந்த விட்டில் பூச்சியை விஞ்ஞானிகள் விவரித்து வெளியிட்டார்கள். அதன் நாக்கு டார்வினின் கணக்குக்குப் பொருந்தியது.

டார்வின் அதே நூலில் இன்னொன்றையும் சொல்லியிருந்தார். அந்த விட்டில் இனம் அழிந்தால் இந்தப் பூவினமும் அழிந்துவிடும் என்பதே அது. பூச்சியை நம்பிய பூவுக்குப் பூச்சியே உயிர். பூச்சியே எமனும் ஆகலாம்.

ஒரே தொட்டியில் இரண்டு செடிகள்

வேற்றுச் செடியின் மகரந்தத்தால் கிடைக்கும் லாபம் என்ன என்ற கேள்விக்கு விடை தற்செயலாகவே தொடங்கியது. வேறொரு ஆராய்ச்சிக்காக லினேரியா என்ற செடியை டார்வின் இரண்டு பெரிய பாத்திகளில் வளர்த்தார். ஒரு பாத்தியில் தன் மகரந்தத்தில் பிறந்த விதைகள். மறு பாத்தியில் அயல் மகரந்தத்தில் பிறந்த விதைகள். வளர்ந்த பின் பார்த்தால், அயல் மகரந்தத்துப் பிள்ளைகள் உயரமாகவும் திடமாகவும் நின்றன. டார்வின் திகைத்தார். ஒரே தலைமுறையிலா இந்த வித்தியாசம்!

அன்று தொடங்கிய சோதனை 11 ஆண்டுகள் நடந்தது. 50-க்கு மேற்பட்ட செடியினங்களை அவர் சோதித்தார்.

பூச்சி நுழையாதபடி செடிகளுக்கு மெல்லிய வலை போர்த்தினார். சில பூக்களுக்கு அவற்றின் மகரந்தத்தையே கொடுத்தார். சில பூக்களுக்கு வேற்றுச் செடியின் மகரந்தத்தைக் கொடுத்தார். விளைந்த விதைகளை ஈர மணலில் முளைக்க வைத்தார். ஒரே நேரத்தில் முளைத்த இரண்டை எடுத்து, ஒரே தொட்டியின் இரு ஓரங்களில் நட்டார். ஒரே மண், ஒரே தண்ணீர், ஒரே வெயில். ஓரவஞ்சனைக்கு இடமே இல்லை!

சர்க்கரைவள்ளிக் கிழங்குக்கு உறவான, காலையில் பூக்கும் ஒரு கொடியை 10 தலைமுறை வரை இப்படி வளர்த்தார். அயல் மகரந்தக் கொடிகளின் உயரத்தை 100 என்று வைத்தால், தன் மகரந்தக் கொடிகளின் உயரம் சராசரி 77 தான்.

நடுவில் ஒரு வேடிக்கை நடந்தது. ஆறாவது தலைமுறையில், தன் மகரந்தத்தில் பிறந்த ஒரு கொடி தன் எதிரியை அரை அங்குலம் முந்தியது. டார்வின் அதற்கு 'வீரன்' என்று பெயர் சூட்டினார்! அதன் சந்ததியையும் தனியே வளர்த்துப் பார்த்தார். தம் கருத்துக்கு எதிரான சாட்சியையும் அவர் மறைக்கவில்லை. 1876-ம் ஆண்டில் வெளிவந்த நூலில் வீரனின் வெற்றியும் பதிவாகியிருக்கிறது.

பாராளுமன்றம் மறுத்தது

தொட்டியில் கண்ட உண்மை, தொட்டிலுக்கும் பொருந்துமா?

இந்தக் கேள்வியை டார்வின் மூடி வைக்கவில்லை. நாடு முழுவதும் கணக்கெடுத்துப் பார்த்துவிட விரும்பினார். 1871-ம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பில், கணவனும் மனைவியும் அத்தை, மாமன், சித்தப்பா பிள்ளைகளா என்று ஒரு கேள்வி சேர்க்க வேண்டும் என்று முயன்றார். அண்டை வீட்டு நண்பரும் பாராளுமன்ற உறுப்பினருமான ஜான் லப்பக் 1870-ம் ஆண்டில் அதைச் சபையில் எடுத்துச் சொன்னார். சபை மறுத்துவிட்டது.

டார்வினின் மகன் ஜார்ஜ் தளரவில்லை. தாமே விவரங்களைத் திரட்டினார். 1875-ம் ஆண்டில் முடிவை வெளியிட்டார். இத்தகைய மணத்தால் தீங்கு இருக்கலாம், ஆனால் பலர் அஞ்சிய அளவுக்கு இல்லை என்பது அவர் கண்ட முடிவு. பெற்றோரின் மணத்தைப் பற்றிய கணக்கை மகனே போட்டது விந்தைதான்!

ஏன் தீங்கு வருகிறது என்பது டார்வினுக்குத் தெரியாது. அதற்கான திறவுகோல் அப்போதே அச்சாகியிருந்தது. மெண்டல் என்ற துறவி, பட்டாணிச் செடிகளை வளர்த்துக் கண்ட பரம்பரை விதிகளை 1866-ம் ஆண்டில் வெளியிட்டார். உலகம் அதை 1900-ம் ஆண்டில்தான் கண்டுகொண்டது.

ஒவ்வோர் உயிரிலும் சில குறைகள் ஒளிந்திருக்கின்றன. தாயிடமிருந்து ஒரு பங்கும், தகப்பனிடமிருந்து ஒரு பங்கும் பிள்ளைக்கு வருகின்றன. ஒரு பங்கில் குறை இருந்தாலும் மறு பங்கு அதை மூடிவிடும். இருவரும் நெருங்கிய உறவானால், ஒரே குறை இரு பக்கமிருந்தும் வந்து சேர வாய்ப்பு அதிகம். அப்போது குறை வெளிப்படுகிறது. தானே தன்னோடு கலக்கும் செடியில் இது இன்னும் அதிகம்.

தேனீ ஆர்க்கிட்டின் புதிர்

இத்தனைக்கும் நடுவே ஒரு பூ டார்வினைப் படாத பாடு படுத்தியது. அதன் பெயர் தேனீ ஆர்க்கிட். பெண் தேனீ ஒன்று பூவில் உட்கார்ந்திருப்பது போலவே தோன்றும். இதன் உறவினப் பூக்கள் பல, ஆண் தேனீக்களை இப்படி ஏமாற்றித்தான் மகரந்தத்தைச் சுமக்க வைக்கின்றன.

ஆனால் இங்கிலாந்தின் தேனீ ஆர்க்கிட்டை எந்தத் தேனீயும் நாடி வரக் காணோம். அப்படியும் பூவெல்லாம் காய்த்தது! டார்வின் கவனித்தார். பூ மலர்ந்த பின், மகரந்தக் கட்டியைத் தாங்கும் மெல்லிய காம்பு தானே வளைகிறது. கட்டி முன்னால் தொங்குகிறது. காற்று அசைத்ததும் அதே பூவின் பெண் முனையில் போய் ஒட்டிக்கொள்கிறது.

தேனீயை அழைக்க இவ்வளவு வேஷம். தேனீ வராவிட்டாலும் காய்க்க இவ்வளவு ஏற்பாடு! இது எப்படி என்று அவர் மூளையைக் கசக்கிக்கொண்டார்.

சில ஆயிரம் ஆண்டுகள் வாழக் கிடைத்தால், தேனீ ஆர்க்கிட் அழிந்து போவதைப் பார்க்கலாம் என்று அவர் ஒருமுறை தம் டாக்டரிடம் கூறினாராம். தன்னோடு தானே கலக்கும் பழக்கம் அந்த இனத்தை அழிவுக்கே கொண்டு போகும் என்பது அவர் நம்பிக்கை. மகன் பிரான்சிஸ் இதைக் குறித்து வைத்திருக்கிறார்.

பிறப்பு இறப்புக் கணக்கு

டார்வினின் அந்த நம்பிக்கை சரியா? அதைச் சோதிக்க விஞ்ஞானத்துக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது.

1957-ம் ஆண்டில் ஸ்டெபின்ஸ் என்ற அமெரிக்கத் தாவரவியல் அறிஞர், தன் மகரந்தப் பழக்கம் முட்டுச் சந்து போன்றது என்ற கருத்தை வலியுறுத்தினார். உள்ளே போகலாம்; மறுபக்கம் வழி இல்லை.

2010-ம் ஆண்டில் எம்மா கோல்ட்பெர்க் முதலிய 6 விஞ்ஞானிகள் அதற்குக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது கத்தரிக்காய்க் குடும்பம். தக்காளி, உருளைக்கிழங்கு, மிளகாய், புகையிலை எல்லாம் இந்தக் குடும்பமே. இதில் சில இனங்கள் தம் சொந்த மகரந்தத்தை ஏற்பதே இல்லை. பட்டாலும் தள்ளிவிடும். சில இனங்கள் தள்ளுவதில்லை.

செடிகளின் மரபுப் பொருளை ஒப்பிட்டு அவர்கள் வம்சாவளி வரைந்தார்கள். எந்தக் கிளையில் புது இனங்கள் எவ்வளவு வேகமாகப் பிறந்தன, எவ்வளவு வேகமாக அழிந்தன என்று மதிப்பிட்டார்கள். முடிவு வியப்பாக இருந்தது.

சொந்த மகரந்தத்தை ஏற்கும் கிளைகளில் புது இனங்கள் அதிக வேகத்தில் பிறக்கின்றன. ஆனால் அதைவிட வேகமாக அழிகின்றன! ஓர் ஊரில் பிறப்பு அதிகமாக இருந்தாலும், இறப்பு அதையும் மிஞ்சினால் ஊர் சிறுத்துக்கொண்டே போகும் அல்லவா? அதே கதைதான். சொந்த மகரந்தத்தைத் தள்ளும் கிளைகளோ நிதானமாகப் பெருகி நிலைத்து நிற்கின்றன.

காரணம் கடினமானது அல்ல. தானே காய்க்கும் செடிக்குத் துணை வேண்டாம், தேனீ வேண்டாம். ஒரே ஒரு விதை புது இடத்தில் விழுந்தாலும் புதுக் குடியேற்றம் உண்டாகிவிடும். அது தனித்து நின்று விரைவில் புது இனமாகவும் மாறலாம். அதனால் பிறப்பு அதிகம்.

ஆனால் சந்ததி எல்லாம் ஒரே அச்சு. புது நோய் வந்தால் எல்லாம் ஒன்றாகவே சாயும். மழை பொய்த்தால் எல்லாம் ஒன்றாகவே வாடும். தீங்கான மாறுதல்களும் தலைமுறை தோறும் சேர்ந்துகொண்டே போகும். அதனால் இறப்பும் அதிகம். இன்றைக்குச் சுகம், நாளைக்கு ஆபத்து!

எல்லாப் பூக்களுக்கும் இதே கணக்கு என்று சொல்லிவிட முடியாது. பப்பாளியைப் போல ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு என்று இருக்கும் இனங்கள் நலிந்து போகும் என்று ஒரு காலத்தில் எண்ணினார்கள். பின்னால் வந்த கணக்குகள் அதை உறுதிப்படுத்தவில்லை.

குழல் நீண்டால் குலம் பெருகும்

பூச்சியை நம்புவதிலும் பெரிய லாபம் உண்டு. கொலம்பைன் என்ற பூவுக்கு, மடகாஸ்கர் ஆர்க்கிட்டைப் போலத் தேன் குழல்கள் உண்டு. தேனீ குடிக்கும் பூவில் குழல் குட்டை. தேன்சிட்டு போன்ற ஹம்மிங் பறவை குடிக்கும் பூவில் சற்று நீளம். விட்டில் குடிக்கும் பூவில் மிக நீளம். குடிக்க வருபவர் மாறினால் கலப்பு குறைகிறது. கலப்பு குறைந்தால் இனம் பிரிகிறது. இதனால் கொலம்பைன் சுமார் 70 இனங்களாகப் பெருகியிருக்கிறது. தேன் குழல் உள்ள பூக்குலங்களில், அது இல்லாத நெருங்கிய குலங்களைவிட இனங்கள் அதிகம் என்று 1995-ம் ஆண்டில் இரு விஞ்ஞானிகள் காட்டினார்கள். ஆர்க்கிட்டுகளில் மட்டும் சுமார் 28,000 இனங்கள் உண்டு.

பூக்கும் தாவரங்கள் பூமியில் திடீரென்று தோன்றி, மளமளவென்று பெருகியது டார்வினை உறுத்திய பெரிய புதிர். 1879-ம் ஆண்டில் நண்பர் ஹூக்கருக்கு அதைப் பற்றி எழுதினார். பூச்சிகளும் பூக்களும் ஒன்றையொன்று வளர்த்தன என்று பிரெஞ்சு அறிஞர் சபோர்த்தா சொன்ன விளக்கம் டார்வினுக்குப் பிடித்திருந்தது. புதிர் இன்னும் முழுவதும் அவிழவில்லை.

பூச்சி போனால் பூவும் போகும்

நம்பிய துணை இல்லாவிட்டால் என்ன ஆகும்? இங்கிலாந்தில் பம்பிள் தேனீ அழிந்தால், சிவப்புக் குளோவர் என்ற மாட்டுத் தீவனப் பயிரும் அருகிவிடும் என்று 1859-ம் ஆண்டிலேயே டார்வின் எழுதினார். நியூசிலாந்து அதை மெய்ப்பித்தது. அங்கே பயிர் வளர்ந்தது, விதை பிடிக்கவில்லை. 1885-ம் ஆண்டில் இங்கிலாந்திலிருந்து பம்பிள் தேனீக்களைக் கொண்டு போய் விட்டார்கள். பிறகு பயிர் விதை கட்டியது!

ஹவாய்த் தீவின் செங்குத்தான பாறைகளில் ஆலுலா என்ற செடி வளர்ந்தது. அதன் மகரந்தத்தைச் சுமந்த விட்டில் மறைந்துவிட்டது என்று கருதப்படுகிறது. விஞ்ஞானிகள் கயிறு கட்டிப் பாறையில் இறங்கி, தங்கள் கையாலேயே மகரந்தத்தைத் தடவினார்கள். விட்டில் செய்ய வேண்டிய வேலையை மனிதன் செய்தான். ஆனாலும் அந்தப் பாறைகளில் ஆலுலா நிலைக்கவில்லை. வளர்ப்புத் தோட்டங்களில்தான் அது உயிர் வாழ்கிறது.

நிறைவு

1882-ம் ஆண்டு ஏப்ரல் 19-ந் தேதி டவுன் வீட்டில் டார்வின் காலமானார். எம்மா அருகில் இருந்தார். மன்னர்களும் மேதைகளும் துயிலும் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. எம்மா 1896-ம் ஆண்டு வரை வாழ்ந்தார்.

பிள்ளைகளைப் பற்றி அவர் அஞ்சியதெல்லாம் பலிக்கவில்லை. பிழைத்த 7 பேரும் பெரியவர்களானார்கள். ஜார்ஜ் வானநூல் அறிஞர். பிரான்சிஸ் தாவரவியல் அறிஞர். ஹொரேஸ் விஞ்ஞானக் கருவிகள் செய்வதில் வல்லவர். மூவரும் ராயல் சொசைட்டி உறுப்பினர்களாகிச் சர் பட்டமும் பெற்றார்கள்.

தேனீ ஆர்க்கிட்டோ இங்கிலாந்தின் புல்வெளிகளில் இன்றும் ஆண்டுதோறும் பூக்கிறது. டார்வின் கேட்டது சில ஆயிரம் ஆண்டுகள். கழிந்திருப்பது ஒன்றரை நூற்றாண்டுதான்!

ஒரு குடும்பத் தலைவரின் கவலை, மண் தொட்டியில் விதையாக விழுந்தது. 11 ஆண்டுப் பொறுமை அதற்கு நீர் வார்த்தது. உறவுக்குள்ளேயே ஒடுங்கும் குலம் மெலியும், அயலோடு கலக்கும் குலம் நிலைக்கும் என்ற பாடத்தை அது உலகுக்குக் கொடுத்தது.